இரண்டரை அடி தண்ணீர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். ஓடையும் நலம், எங்களை விட அதற்குத்தான் கவனிப்பு அதிகம். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் தண்ணீரில் கயாக் படகு விட வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டடிக்குக் கீழே போனால் படகு பாறையில் உரசும், மூன்றடிக்கு மேலே போனால் ஆளையே புரட்டிவிடும், நடுவில் நின்றால்தான் லீவு போடுவேன் என்றீர்கள். அதுவும் நியாயம்தான். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்தவன், ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவன் என்பதால், பாலத்துத் தூணில் அளவு பார்க்கும் வேலையை என்னிடம் விட்டீர்கள். நாலு மாதமாக விடிந்ததும் பாலத்தில் நிற்கிறேன். எண்களில் பாதி பாசிக்குள் போய்விட்டன. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குனிந்தால்தான் தெரியும். போன வாரம் அப்படிக் குனிந்தபோது பால்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "பெரியவரே, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். வீட்ல அம்மாவோட சண்டையா?" என்றார். "தண்ணி பார்க்க வந்தேன்யா" என்றேன். "அதான் எனக்கும் தெரியுதே" என்று பிடியை இன்னும் இறுக்கினார். வீடு வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து உங்கள் அத்தையிடம் ஒப்படைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

இவ்வளவும் பட்டு என்ன பலன்? முதல் தடவை இரண்டே கால் என்றேன், நீங்கள் மூட்டை கட்டினீர்கள். மறுநாள் மழை கொட்டி நாலரை ஆயிற்று, மூட்டையை அவிழ்த்தீர்கள். இரண்டாம் தடவை மூன்றிலிருந்து இறங்குகிறதே, சனிக்கிழமைக்குச் சரியாக இருக்கும் என்று நானே கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமையே ஒன்றரைக்கு வந்துவிட்டது. மூன்றாம் தடவை நீங்கள் முந்திக்கொண்டு படகுகளை மட்டும் பார்சலில் அனுப்பினீர்கள், அவை வந்து சேர்வதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. அவை இரண்டும் இப்போது கூடத்தில் தொடங்கிச் சமையலறையில் முடிகின்றன. ஒரு வாய் காபி வேண்டுமென்றால் நான் இரண்டு படகைத் தாண்ட வேண்டும். அத்தை ஒன்றில் துவைத்த துணியும் இன்னொன்றில் வெங்காயமும் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நான் வீடுதான் சார் வாடகைக்கு விட்டேன், துறைமுகம் இல்ல" என்றார்.

மகள் போன் செய்தால் முன்பெல்லாம் "சாப்பிட்டியாப்பா?" என்பாள். இப்போது எடுத்ததுமே "தண்ணி எவ்ளோப்பா?" என்கிறாள். சொன்னதும், "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுகிறாள். நீங்கள் இரண்டு பேரும் இந்த வாசல்படி மிதித்து ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ரொம்ப அலுத்துப்போச்சு மாப்பிள்ளை.

ஆனால் இப்போது ஒரு நல்ல சேதி. இன்று காலை அளவு சரியாக இரண்டரை அடி. இன்னும் பத்து நாளைக்கு இப்படியே நிற்கும் என்று பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர் அடித்துச் சொல்கிறார். ஆகவே கடிதம் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு இருவரும் கிளம்பி வாருங்கள்.

வற்றாமலும் கரை மீறாமலும் நீங்கள் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். "போன் கையிலேயே இருக்கு, இதுக்கு எதுக்குக் கடிதாசி?" என்றாள். போனில் பொய் சொன்னால் என் குரலை வைத்தே மகள் பிடித்துவிடுவாள் என்று உண்மையைச் சொன்னேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "புள்ளைங்களைப் பார்க்கணும்னா வாங்கன்னு கேளுங்க. நடுவுல ஓடை எதுக்கு?" என்றாள். ஆகவே திருத்தம்: ஓடையில் தண்ணீர் முக்கால் அடிதான். தூண்டில்காரர் வந்தே ஒரு வாரம் ஆகிறது. மழைக்கான அறிகுறி இல்லை, படகு நிச்சயம் ஓடாது. எங்களுக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வாருங்கள்.