மடி கொடுக்கப் போனவன்

அன்று காலை ஒரு சபதம் எடுத்தேன். உயிரே போனாலும் பல் ஆஸ்பத்திரிக்குள் காலை வைப்பதில்லை.

காரணம், மகள் குட்டியின் கடைவாய்ப் பல். நாலு வயசுப் பல்லில் கடுகளவு கறுப்பு. டார்ச் அடித்துக் கண்டுபிடித்தவள் என் மனைவி. மாட்டிக்கொண்டவன் நான். ஏனென்றால் என் வாயிலும் ஒரு பல் கொஞ்ச நாளாய்க் குடைந்துகொண்டிருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் குட்டு உடைந்துவிடும். உடைந்தால் பிடுங்கிவிடுவார்கள். பல்லோடு உயிரையும் சேர்த்து.

“பால் பல்லுதானேம்மா? தானா விழுந்துடும்.”

“விழற வரைக்கும் வலிக்காதா? அடியில வர்ற பல்லுக்கு அதுதாங்க இடம் பிடிச்சு வைக்குது.”

“இடம்தானே? நான் துண்டு போட்டு வைக்கறேன்.”

“நேத்து ராத்திரி பல் தேய்ச்சப்புறம் அவளுக்கு பிஸ்கட் குடுத்தது யாரு?”

பிஸ்கட் டப்பாவை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

“சரி, நீங்க சும்மா கூட வாங்க. வெளியில உட்காருங்க, போதும்.”

வெளியில் உட்கார்வது சபதத்தில் சேராது. போனேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் ‘கொர்ர்ர்’ என்று ஒரு சத்தம். என் முதுகெலும்பில் துளை போடுகிற மாதிரி இருந்தது. ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி வெளியே வந்தார். பலியாட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நான் வாசல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். குட்டியோ பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

“சின்னப் பிள்ளைங்களைத் தனியா படுக்க வைக்கறதில்லைங்க. பெரியவங்க யாராவது நாற்காலியில சாஞ்சுக்கணும், பாப்பா அவங்க மேல படுத்துக்கும். பயம் தெரியாது.”

“நீயே படு,” என்றேன் மனைவியிடம்.

“குட்டி, யார் மடிடா வேணும்?” என்று கேட்டாள் அவள்.

“அப்பா மடி!” கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. வீட்டில் ஒத்திகை நடந்திருக்க வேண்டும்.

பெற்றவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சாய்ந்தேன். நாற்காலி சர்ரென்று பின்னால் போனது. முகத்துக்கு நேரே விளக்கு. நெஞ்சின் மேல் குட்டி.

“ஏம்ப்பா ஆடறே?”

“தாலாட்டறேன் கண்ணு.”

அவள் ‘ஆ’வென்று வாயைத் திறந்தாள். டாக்டரம்மா பார்த்தார்.

“ஆரம்பம்தான். நல்லவேளை, இப்பவே வந்தீங்க.” ஏதோ மருந்து தடவினார். “ராத்திரி தேய்ச்சப்புறம் தண்ணி மட்டும்தான். அவளா தேய்ச்சாலும் நீங்க ஒரு தடவை தேய்ச்சு விடணும்.”

பிழைத்தோம் என்று எழப் பார்த்தேன். குட்டி இறங்கவில்லை. நகர்ந்து என் முட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“டாக்டர், விளக்கு எரியறப்பவே அடியில இருக்கறவரையும் பாத்துடுங்க,” என்றாள் மனைவி. “ஒரு பக்கமாவே மெல்றாரு. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு.”

“உனக்கு எப்படித் தெரி...”

கேட்டதுதான் தப்பு. திறந்த வாய்க்குள் கண்ணாடி போய்விட்டது. பின்னாலேயே ‘கொர்ர்ர்’. நான் குட்டியின் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முட்டியைத் தட்டிக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றிய டாக்டரம்மா என்னிடம் பேசவேயில்லை. என் மனைவியிடம்தான் சொன்னார்:

“அடுத்த வாரம் இவரை மறுபடி கூட்டிட்டு வாங்கம்மா. பாப்பா கட்டாயம் வரணும். மடியில ஆள் இருந்தாத்தான் அடங்கறார்.”