கரண்டுப் பல்லி

திருத்தணி,
5-9-84

ஆர்.கே.பேட்டை விசைத்தறி முதலாளி உயர்திரு பாலசுப்பிரமணியன் அவர்களுக்கு, மலையடிவாரத்தில் கற்பூரக் கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரம் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் மனைவி கோமளவல்லி, மகள் சந்திரா மூவரும் முருகன் தயவில் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் தங்கள் துணைவியார் ஜெயம்மாள் அவர்களும் மகன் நாகேந்திரனும், முக்கியமாகத் தங்கள் மைத்துனர் கங்காதரன் அவர்களும் அதேபோல உயிரோடு இருப்பார்கள் என்று நம்புகிறேன். 'அன்புள்ள சம்பந்தி' என்று ஆரம்பித்து ஒரு தாளைக் கெடுத்துவிட்டேன். அப்படி அழைக்க எனக்கு வாய் இருக்கிறதா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டுத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐயா, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன பிறகு, நான் ஜெயம்மாள் அவர்களை ஏமாற்றுவதற்காகவே மின்சாரத்தில் ஒரு பல்லி செய்து வைத்திருந்தேன் என்று ஊரெல்லாம் பேச்சு. நேற்று ஆர்.கே.பேட்டை பஸ் எங்கள் தெருமுனையில் நின்றபோது கண்டக்டர், "கரண்டுப் பல்லி வூடு எறங்கு" என்று குரல் கொடுத்திருக்கிறான். அதைக் கேட்டு இரண்டு பேர் இறங்கியும் இருக்கிறார்கள். வாசலில் நின்று, "எங்க சார் அது? பாத்துட்டுப் போயிடறோம்" என்று கேட்டார்கள். என் மகளுக்கு இந்த வரன் அமைய வேண்டும் என்று கார்த்திகை தவறாமல் மலை ஏறிக்கொண்டிருக்கிறவன் நான். பல்லி சொல்லை நம்பி நடக்கிற குடும்பத்துக்குப் பொய்ப் பல்லி வைப்பேனா? அது பல்லியே இல்லை. அது ராக்கெட்.

ராக்கெட் என்றால் வால் பற்றிக்கொண்டு எரிகிற ராக்கெட் அல்ல, பயப்பட வேண்டாம். காஸ் அடுப்பு லைட்டரை 'டக்' என்று அழுத்தினால் பொறி வருகிறதல்லவா, அதற்குள்ளே ஒரு சின்னக் கல் இருக்கிறது. ரெக்கார்டு பிளேயர் முள்ளுக்குப் பின்னாலும் அதே ஜாதிக் கல்தான். அந்தக் கல்லை நசுக்கினால் மின்சாரம் வரும். மின்சாரத்தைக் கொடுத்தால் கல் நெளியும். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் நெளிய வைத்தால், புகை கக்காமல், எதையும் பின்னால் தள்ளாமல், தானாகவே ஒரு பக்கமாக உந்திக்கொண்டு போகும் என்பது சந்திராவின், இல்லை, என்னுடைய எண்ணம். ரேடியோ ரிப்பேர் கடை குலாம் ரசூல் பாய் கொடுத்த உடைந்த சாமான்களிலிருந்து கல்லையெல்லாம் பிரித்து, மெழுகு வைத்து அடையாக ஒட்டி, ஒரு பவுடர் டப்பாவுக்குள் அடக்கி, பழைய வால்வு ரேடியோவின் டிரான்ஸ்பார்மரும் வேகக் குமிழும் உள்ள ஒரு பெட்டியோடு கம்பியால் இணைத்தது முழுக்க முழுக்க நானே. பெண்பிள்ளை பி.எஸ்ஸி. படித்திருக்கிறாளே, அவள் கை வைத்திருப்பாளோ என்று தாங்கள் சந்தேகப்படக் கூடாது. அவளுக்கு எங்கள் வீட்டில் சுவிட்ச் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. இருட்டினால் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள், அவ்வளவு அடக்கம்.

இந்த டப்பா உண்மையில் உந்துகிறதா என்று சோதிக்க வேண்டுமானால் காற்றில் தொங்கவிட வேண்டும். கூடத்து ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் இரண்டு பட்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். டப்பாவின் மேல் ஒரு துண்டுக் கண்ணாடியை ஒட்டி, அதன்மேல் டார்ச் அடித்தால் எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். டப்பா மயிரிழை அசைந்தாலும் பொட்டு கட்டை விரல் அகலம் நகர்ந்துவிடும். முதல் நாள் பொட்டு நகர்ந்தது. நாங்கள் குதித்தோம், கோமளவல்லி எங்கள் வாயில் சர்க்கரை போட்டாள், பிறகுதான் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோதும் நகர்ந்தது, அது ரேணிகுண்டா கூட்ஸ் வண்டி. வண்டி இல்லாத நேரம் பார்த்து வைத்தோம், அப்போதும் நகர்ந்தது. அது நான் மூச்சு விட்டதாம். "நைனா, நீ கொஞ்ச நேரம் கடைக்குப் போயேன்" என்று சந்திரா சொன்னாள். அதாவது, கடையில் வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்களே என்ற அக்கறையில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நாலு மணிக்கு வருவதாகத்தான் தகவல். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று ஜெயம்மாள் அவர்கள் யோசித்து, இரண்டு மணிக்கே எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டது எனக்கு எப்படித் தெரியும்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது டப்பா கொக்கியில் தொங்குகிறது, அதன் கம்பி ஜன்னல் ஓரத்துப் பெட்டிக்குப் போகிறது, நான் ஏணிமேல் நிற்கிறேன். கோமளவல்லி தன் மாம்பழக் கலர் பட்டுப் புடவையை எடுத்து டப்பாவுக்கு முன்னால் திரையாகக் கட்டினாள். பெட்டியை ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் தள்ளி, மேலே மேஜை விரிப்பைப் போட்டேன். அந்த நாற்காலியில்தான் தங்கள் மகன் உட்கார்ந்தார். அவசரத்தில் பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டோம். என் குற்றம் இது ஒன்றுதான். டப்பாவை வேகமாக ஓடவிட்டால் சத்தமே கேட்காது, நாய்க்குக்கூடக் கேட்காது. அது ஏன் திடீரென்று சத்தம் போட்டது, அதுவும் ஏன் அந்தந்த நேரம் பார்த்துப் போட்டது என்பது மூன்று நாளாக யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நடந்தது தங்களுக்கே தெரியும் என்றாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேளுங்கள். ஜெயம்மாள் அவர்கள் பாயில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வூட்ல கால வச்சதும் மனசுக்கு நெறவா கீதும்மா" என்றார்கள். உடனே மேலிருந்து 'டிக் டிக் டிக்'. அவர்கள் தரையில் மூன்று தட்டு தட்டி, "பாத்தியா, பல்லி சொல்லுது" என்றார்கள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சந்திரா காபித் தட்டோடு வந்தாள். "பொண்ணு லட்சணமா கீறா" என்றார்கள், மறுபடியும் 'டிக் டிக் டிக்'. சந்திரா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் லேசாகக் குலுங்கியது. பெண்ணுக்கு எவ்வளவு நாணம் என்று தாங்களே என்னிடம் சொன்னீர்கள். அப்போதுதான் கங்காதரன் அவர்கள் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, "அதெல்லாம் சரிக்கா, இவ்ளோ படிச்ச பொண்ணு வூட்ல அடங்கி இருக்குமா?" என்று கேட்டார். மேலிருந்து 'உர்ர்ர்ர்' என்று ஒரு உறுமல் வந்தது.

"டேய் கங்கா, வாய மூட்றா. பல்லிக்கே புடிக்கல" என்று ஜெயம்மாள் அவர்கள் அதட்டினார்கள். ஐயா, அந்தக் கணம் இந்தச் சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது என்றே நினைத்தேன். அவர்கள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப தை மாசமே வச்சிக்கலாமா?" என்றதும் மேலே 'டிக் டிக் டிக் டிக்' என்று நிற்காமல் ஓடியது. அங்கேதான் வினை. எந்தப் பல்லி அவ்வளவு நேரம் மூச்சு விடாமல் சொல்லும்? கங்காதரன் அவர்களுக்கு வாயை மூடச் சொன்ன ஆத்திரம் வேறு. "எந்த மூலைல சொல்லுதுன்னு பாக்க வேணாமா? தெக்கால சொன்னா சாவுக்கா" என்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பட்டுப் புடவையை விலக்கி, அப்படியே டப்பாவைப் பிடித்துவிட்டார்.

அவர் போட்ட அலறல் மலைமேல் கேட்டதாக அர்ச்சகர் ஒருவர் நேற்று கடைக்கு வந்தபோது சொன்னார். கையை விடவும் தெரியாமல், இறங்கவும் தெரியாமல், "அக்கா அக்கா" என்று முக்காலியில் ஆடிக்கொண்டிருந்தவரை, சந்திரா ஓடிப்போய் மரக் கரண்டியால் கம்பியைத் தட்டிவிட்டு, மறு கையால் மெயினை அணைத்துக் காப்பாற்றினாள். (மெயின் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு ஏதோ தெய்வச் செயலாகத் தெரிந்திருக்கிறது.) கங்காதரன் அவர்கள் இறங்கிய இடத்தில் கேசரித் தட்டு இருந்தது. அவர் அதிலேயே உட்கார்ந்தபடி டப்பாவைக் காட்டி, "பல்லி இல்லக்கா, கரண்டு! பல்லிய செஞ்சி வச்சிகினு நம்மள ஏமாத்தறாங்க!" என்று கத்தினார். ஜெயம்மாள் அவர்கள் எழுந்த வேகத்தில் தாம்பூலத் தட்டு கவிழ்ந்தது. "சாமி சொன்னதுன்னு நம்பி வாக்கு குடுத்தேனே" என்று அவர்கள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

ஆகவே ஐயா, மூன்று விஷயங்களைத் தாங்கள் அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அது பல்லியாக வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைச் செய்த கிறுக்கன் நான் ஒருவன்தான், என் மகளுக்கும் மின்சாரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. டப்பாவைப் பிரித்து, கல்லையெல்லாம் ரசூல் பாயிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்னும் மனம் ஆறவில்லை என்றால், காஞ்சிபுரம் போய் வரதர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டு, பொய்ப் பல்லிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிறேன். மெய்ப் பல்லிக்குத் தோஷம் போக்குகிற பல்லி இதற்கும் ஏதாவது வழி சொல்லாமலா போகும்? எங்கள் வீட்டிலும் நிஜப் பல்லி ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதே என்று அது வாயைத் திறக்கவில்லை. தாங்கள் எல்லோரும் இன்னொரு முறை வந்து, விசிறிகூடப் போடாமல் உட்கார்ந்து, அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சந்திராவை வேண்டாம் என்றால் என்னைத் திட்டிவிட்டுச் சொல்லுங்கள், அவளைத் திட்டிவிட்டுச் சொல்லாதீர்கள். அதை என்னால் தாங்க முடியாது.

தணிகை வேலன் தங்கள் தறிகளை இழை அறாமல் ஓட்டுவானாக. ஜெயம்மாள் அவர்களுக்கு எங்கள் நமஸ்காரம். கங்காதரன் அவர்களின் வேட்டியிலிருந்து கேசரிக் கறை போகச் சீயக்காயும் எலுமிச்சையும் நல்லது என்று கோமளவல்லி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
பஞ்சாட்சரம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுத் தபால் பெட்டிக்குக் கிளம்பினேன், வாசலில் தங்கள் மகன் நாகேந்திரன் நிற்கிறார். கவரைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "மாமா, அன்னிக்கி அந்தப் பெட்டில குமிழைத் திருப்பினது நான்தான்" என்றார். முதல் தடவை முழங்கை பட்டுத் தானாகத் திரும்பி, வேகம் குறைந்து 'டிக் டிக்' என்றதாம். தறி மோட்டாருக்கெல்லாம் கம்பி சுற்றுகிறவரல்லவா, விரிப்புக்கு அடியில் தடவிப் பார்த்ததுமே என்ன சாமான் என்று புரிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு தன் தாயார் நல்லதாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே திருப்பினாராம். தை மாசம் என்றதும் சந்தோஷத்தில் கை குமிழிலேயே நின்றுவிட்டதாம். கங்காதரன் அவர்களுக்கு உறுமியதும் அவர்தான். ஐயா, அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. படித்த பெண்ணுக்காகத் தன் மாமனைப் பார்த்தே உறுமுகிற மாப்பிள்ளை எனக்கு வேறு எங்கே கிடைப்பான்?

"இந்தப் பெட்டிய யாரு செஞ்சது?" என்று அவர் கேட்டபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான்" என்றேன். "எத்தனை வோல்ட் மாமா?" என்றார். "வேண்டிய அளவு" என்றேன். உள்ளேயிருந்து சந்திரா சிரிப்பை அடக்கமாட்டாமல் வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் தோள் குலுங்கியதும் நாணத்தினால் இல்லையாம். குமிழைத் திருப்புகிற கையை அவள் முதலிலேயே பார்த்துவிட்டாளாம். ஆகவே மேலே எழுதியதில் என் பெயரையும் விலாசத்தையும் கேசரிக் கறைக்கான வைத்தியத்தையும் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். அது பல்லியாகத்தான் வேலை செய்திருக்கிறது, பல்லியை ஓட்டியது தங்கள் பிள்ளை, டப்பாவைச் செய்தது என் பெண். பிரித்துவிட்டதாக எழுதியதும் பொய். இப்போது இரண்டு பேருமாக அதை மறுபடியும் கொக்கியில் கட்டிச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். சற்று முன் பொட்டு நகர்ந்தது என்று இருவரும் குதித்தார்கள். கோமளவல்லி அடுக்களையில் ஆட்டுக்கல் அதிர உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இதை ஜெயம்மாள் அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் நாலு பேரும் விழித்துக்கொண்டிருக்கும்போதே, 'டிக் டிக் டிக்' என்று சத்தம் கேட்டது. நான் நாகேந்திரனைப் பார்த்தேன், அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். சந்திரா பிளக்கைக் காட்டினாள், அது தரையில் கிடந்தது. நிலைப்படிக்கு மேலே நிஜப் பல்லி. திசை கிழக்கு, நேரம் காலை பத்தேகால். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஜெயம்மாள் அவர்களே பலன் சொல்லட்டும். நல்ல பலன் என்றால் தை மாதத்தில் நாள் குறித்து எழுதுங்கள், சம்பந்தி. கெட்ட பலன் என்றால், அதுவும் கரண்டுப் பல்லிதான் என்று சொல்லிவிடுங்கள்.