முப்பிடாதி கோர்ட்டில் பேசிய பேச்சு

தென்காசி,
22-8-1982.

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய மதுரை மாமா அவர்களுக்கு, மருமகள் குழல்வாய்மொழி எழுதிக்கொண்டது. இங்கு அப்பா, அம்மா, நான், பசு எல்லோரும் சுகம். பசுவுக்கு மட்டும் சாரலில் இலேசாகச் சளி. அங்கு தாங்களும் அத்தையும் நல்ல உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதத் துணிகிறேன். உடம்பு சரியில்லாதவர்கள் இவ்வளவு நீளமான கடிதத்தைப் படிக்க முடியாது.

போன மாதம் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் தாங்கள் ஒரு செய்தி சொல்லியிருந்தீர்கள். மனைவியை அடிக்கும் கணவர்களின் வழக்கையும், பிரிந்துபோன தாய் தகப்பனில் பிள்ளை யாரிடம் இருப்பது என்னும் வழக்கையும் எப்படி விசாரிப்பது என்று புதிய நீதிபதிகளுக்காக ஒரு கையேடு எழுதுவதாகவும், 'மொழிதான் பெரிய படிப்பாளி ஆயிற்றே, அவளுக்குத் தோன்றுவதையும் எழுதி அனுப்பச் சொல்' என்றும் எழுதியிருந்தீர்கள். மாமா கேலிக்குச் சொல்லியிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். ஒரு நீதிபதி கேலிக்கு எதையும் எழுத மாட்டார் என்று நான் சொன்னேன். இதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நம்பிக்கைதான் காரணம் என்பதால், தங்களுக்கும் இதில் கொஞ்சம் பொறுப்பு உண்டு என்று மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் பின்கட்டில் குடியிருந்து பீடி சுற்றும் குருவம்மாள் அக்காவைத் தங்களுக்குத் தெரியும். அவருடைய தங்கை பாலம்மாள் அக்கா சித்திரையில் தன் மகள் முப்பிடாதியைக் கூட்டிக்கொண்டு கட்டின சேலையோடு இங்கே வந்துவிட்டார். புருஷன் குற்றாலிங்கம், குற்றாலத்தில் பழக்கடை வைத்திருப்பவர். அடி தாங்காமல் வந்தவரைத் தேடி அவர் வரவில்லை, கோர்ட்டு நோட்டீஸ்தான் வந்தது. பிள்ளைக்குத் தகப்பன்தான் கார்டியன், அதனால் பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். பாலம்மாள் அக்காவுக்காக வாதாடும் வக்கீல் ஐயாவிடம்தான் அப்பா குமாஸ்தாவாக இருக்கிறார். ஆகையால் வழக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் முதலில் நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த சட்டப் புத்தகத்தில், ஐந்து வயது நிறையாத குழந்தை பெரும்பாலும் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மழையில் நனைந்தபடி ஓடிவந்து பாலம்மாள் அக்காவிடம் சொன்னேன். "அவளுக்குப் போன பங்குனியோட ஆறு முடிஞ்சிட்டேட்டி" என்றார். திரும்ப நூலகத்துக்கு ஓடினேன். ஐந்துக்கு மேல் என்றால் தகப்பன் கார்டியன், ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே பார்க்கப்படும் என்று இருந்தது. அந்த நலனை எப்படிப் பார்ப்பது என்பது அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று ஆவலோடு திருப்பினால், அங்கே சொத்து விவகாரம் ஆரம்பித்துவிட்டது. மாமா, தங்கள் கையேடு அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் வர வேண்டியது.

புத்தகம் கைவிட்ட இடத்தில் நானே விசாரணையைத் தொடங்கினேன். அம்மாவோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போன அன்று, தலையைக்கூடத் துவட்டாமல் குற்றாலிங்கம் கடைக்குப் போய் மங்குஸ்தான் விலை கேட்பது போல அவருடைய குணத்தை ஆராய்ந்தேன். பூப்போலப் பேசினார். "வா தாயி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, நல்லாப் படி" என்று சொல்லி, கேட்காமலே இரண்டு பழம் கூடப் போட்டார். பக்கத்துக் கடைக்காரரை அண்ணாச்சி என்றார், குரங்கைக்கூட வாங்க போங்க என்றுதான் விரட்டினார். வீட்டுக்கு வந்து பாலம்மாள் அக்காவிடம், "அக்கா, நான் நேர்லயே பாத்தேன், அவர் சாதுவாத்தான் தெரியுதாரு" என்று என் தீர்ப்பைச் சொன்னேன். அவர் பீடி இலையை வெட்டிக்கொண்டே, "கடைக்கு வாரவங்கள அடிச்சா யாவாரம் ஆகுமாட்டி?" என்றார். குருவம்மாள் அக்கா சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த புகையிலைத் தூளெல்லாம் பறந்தது. நான் அந்த மங்குஸ்தானை அதற்குப் பிறகும் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ஒரு போலீஸ்காரரிடம் விசாரித்தேன். புருஷன் அடித்தான் என்று ஒரு பெண் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரையும் ஒக்கார வச்சி, புத்தி சொல்லி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவோம் பாப்பா" என்றார். எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியது. அதையும் பாலம்மாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எனக்கும் ஒருக்கா வாங்கிக் குடுத்தாவ. வீட்டுக்குப் போனதுக்குப் பெறகு அந்த டீக்கும் சேத்து விழுந்துச்சு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவருக்கு வேணும்கது பிள்ள இல்லட்டி. பிள்ளைய வாங்கிட்டா நான் பின்னாலயே போயிருவேன்லா, அதுக்குத்தான் இந்த கேசு. போனேன்னா இந்தத் தடவ நடந்து திரும்பி வர மாட்டேன்" என்றார். அன்றைக்கே, இந்த வழக்கு எப்படியும் ஜெயித்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

ஜட்ஜ் ஐயா பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். முப்பிடாதி அங்கே என்ன சொல்வாள் என்று பார்க்க, எல்லோரும் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வியையே நானும் கேட்டேன். அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா? அவள் நெடுநேரம் யோசித்து, "ஒங்க வீட்டுப் பசுவ" என்றாள். சட்டப்படி பசு கார்டியனாக முடியாது. இப்படிப்பட்ட பிள்ளையைத் தயார்செய்யாமல் கோர்ட்டுக்கு அனுப்புவது ஆபத்து என்று பட்டது. பள்ளியில் ஒப்புவித்தல் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் மூன்று வருஷமாக எவர்சில்வர் டம்ளர் வாங்குகிறவள் நான். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு பேச்சு எழுதி, தொழுவத்தில் பசுவின் முன்னால் நிறுத்தி அவளை மனப்பாடம் செய்ய வைத்தேன். பாலம்மாள் அக்காவிடம் சொல்லவில்லை. பரிசளிப்பு விழா போல அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

விசாரணை நாளில் முப்பிடாதி என் கையை விடவே மாட்டேன் என்று அழுததால், ஜட்ஜ் ஐயா என்னையும் அறைக்குள் வரச் சொன்னார். ஐயாவின் முகம் நல்ல முகம். மேஜையை விட்டு எழுந்து வந்து சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, "ஒம் பேரென்னம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். முப்பிடாதி இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பி, "பேரன்புமிக்க நீதிபதி அவர்களே, இங்கே குழுமியிருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே" என்று ஆரம்பித்தாள். பெருமக்களே என்னும்போது வாசலில் டவாலி போட்டு நின்ற பியூனைப் பார்த்தாள், வேறு ஆள் இல்லாததால். "அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம். 'எனது இல்லம்' என்னும் தலைப்பில் சில வார்த்தைகள் பேச வந்துள்ளேன். அன்பு ஊற்றெடுக்க வேண்டிய இல்லத்தில் என் தந்தை என் தாயை அடிக்கிறார். அந்தோ!" அந்தோ என்னும்போது நெற்றியில் கை வைத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே வைத்தாள். ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜட்ஜ் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா இத ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். "இந்த மொழியக்கா. மறந்துட்டா மொதல்லேருந்து சொல்லணும்னு சொன்னாவ" என்றாள் முப்பிடாதி. ஐயா என் பக்கம் திரும்பினார். "இவங்க அம்மா சொல்லச் சொன்னாங்களா?" இல்லை சார், நானாகத்தான், நான் பேச்சுப் போட்டியில், என்று என்னவெல்லாமோ உளறினேன். குமாஸ்தா குற்றாலநாதன் மகள் என்பதையும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். "ஏம்மா, அந்தப் பக்கத்து வக்கீலுக்கு இது ஒண்ணு போதுமே. தாய் பிள்ளைக்குப் பாடம் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கான்னு சொன்னா நான் என்ன செய்ய?" என்று மெதுவாகத்தான் கேட்டார். பாலம்மாள் அக்காவைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பப்போகிறவர் குற்றாலிங்கம் இல்லை, எவர்சில்வர் டம்ளர் வாங்கிய நான்தான் என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில் சத்தம் கேட்டது. குற்றாலிங்கம்தான். விசாரணை முடியும்வரை தள்ளி நிற்கும்படி அப்பா சொல்லியிருக்கிறார் போல. "ஏலே, எம் பிள்ளைய நான் பாக்கதுக்கு நீ யாருலே?" என்று ஒரு குரல் வந்தது. கடையில் கேட்ட குரலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினேன். முப்பிடாதி ஒதுங்கவில்லை, அழவுமில்லை. வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை பையை எடுத்து வைப்பது போல நிதானமாகப் போய், எம்பி ஜன்னல் கதவைச் சாத்தினாள். அடுத்த கதவையும் சாத்திக் கொக்கியைப் போட்டாள். பிறகு அறை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜட்ஜ் ஐயாவிடம், "ரேடியோ எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா ரேடியோ?"

"சத்தமா வைக்கணும்லா. அடுத்த வீட்டுக்குக் கேக்கப்படாதுல்லா."

பியூன் தலைப்பாகையைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டார். ரேடியோ இல்லை என்று தெரிந்ததும் முப்பிடாதி பழைய இடத்தில் வந்து நின்று, விட்ட இடம் மறந்துபோனதால் பேரன்புமிக்க நீதிபதி அவர்களே என்று முதலிலிருந்து தொடங்கினாள். ஐயா அதை முழுக்கக் கேட்டார். 'நன்றி, வணக்கம்' வரை கேட்டார். முடிந்ததும் அவர்தான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். என்னைப் பார்த்து, "நீ போட்டிக்கெல்லாம் போம்மா. கோர்ட்டுக்கு மட்டும் வராத" என்றார்.

அதற்குப் பிறகு ஐயா பாலம்மாள் அக்காவையும் குற்றாலிங்கத்தையும் வெகுநேரம் தனித்தனியாக விசாரித்தார். நேற்று முன்தினம் உத்தரவு வந்தது. பிள்ளை தாயிடமே இருக்க வேண்டும். தகப்பன் ஞாயிற்றுக்கிழமை பகலில், வக்கீல் ஐயா வீட்டு முன்கூடத்தில், வேறு ஆள் இருக்கும்போது மட்டும் பார்க்கலாம்.

அறைக்குள் நடந்ததைக் கோர்ட்டு வாசலில் வைத்தே நான் பாலம்மாள் அக்காவிடம் சொல்லியிருந்தேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் பையத்தானட்டி ஜன்னலச் சாத்துவேன். அவ தூங்குதான்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு முப்பிடாதியின் தலையைக் கோதிவிட்டு, "அந்தோன்னு சொன்னியாமே, எங்க, எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டு" என்றார். அவளும் டீக்கடை என்றும் பாராமல் சொல்லிக் காட்டினாள். அப்பா மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமானாலும் அம்மாவிடம் சொல்லித்தான் கேட்கிறார். வக்கீல் ஐயா அவரை என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மாமா, கையேட்டுக்கு என் யோசனை இதுதான். கடையில் பூப்போலப் பேசுகிறவன் வீட்டிலும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிள்ளையைக் கேட்கிறவனுக்குப் பிள்ளைதான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அம்மாவா அப்பாவா என்று கேட்கவே கூடாது. பிள்ளை என்ன சொல்கிறது என்பதைவிட என்ன செய்கிறது என்பதைப் பார்க்கட்டும். முக்கியமாக, படித்த பெண்பிள்ளைகள் யாரையும் சாட்சிக் குழந்தைகளின் பக்கத்தில் விடக் கூடாது. இதைத் தடித்த எழுத்தில் போடவும். என் பெயரைப் போட வேண்டாம்.

தங்களுக்கும் அத்தைக்கும் குற்றாலத்துக் குறும்பலாநாதர் நல்ல உடம்பையும், என் கடிதங்களைத் தாங்கும் பொறுமையையும் கொடுக்கட்டும். அத்தையிடம் அவர் கேட்ட தேன் வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
இனி எந்தப் பிள்ளைக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காத தங்கள் மருமகள்,
கு. குழல்வாய்மொழி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்து வாசலில் நிற்கிறார். கூடவே எட்டு வயதில் மாடன் என்று ஒரு பையன். அவர்களுக்கும் இதே போல ஒரு வழக்கு, அடுத்த வாரம் விசாரணை. "முப்பிடாதியப் பேச வச்சி ஜெயிச்ச பிள்ள நீதானாமே, இவனுக்கும் நாலு வார்த்த சொல்லிக்குடு தாயி" என்கிறார். நான் ஜெயிக்க வைக்கவில்லை, தோற்க வைக்கத்தான் இருந்தேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பெரிய படிப்பு படிச்சவுக இப்படித்தான் தன்னடக்கமாச் சொல்லுவாவ" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் மணிக்கட்டு கன்றிப்போயிருந்ததைப் பார்த்த பிறகு போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா வந்ததும் வக்கீல் ஐயாவிடம் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும், அவர் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. பையனிடம் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன் மாமா: யாரும் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாதே, உனக்குத் தோன்றியதை மட்டும் சொல். இப்போது அவன் தொழுவத்தில் பசுவின் முன்னால் கைகூப்பி நின்று, "பேரன்புமிக்க நீதிபதி அவர்களே, எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பாடம் எடுப்பது முப்பிடாதி.