சீக்குப் படப்பெட்டியை நிறுத்தக் கோரி

மகா கனம் பொருந்திய மச்சான் அலெக்சாண்டர் அவர்களுக்கு,

சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கிராணி பெரியநாயகம் வணங்கி எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் எனக்கும் தங்கள் தங்கை கெர்ட்ரூடுக்கும் தேக சௌக்கியத்துக்குக் குறைவில்லை. மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. ஈப்போவில் தாங்கள் எழுத்து வேலை பார்க்கும் டாக்டர் துரை, விளக்குப் படப்பெட்டியோடு இங்கே வந்து மேகவியாதியைப் பற்றிப் படம் காட்டியது தாங்கள் அறிந்ததே. பிறகு நடந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

பொழுது சாய்ந்ததும் ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டினோம். சாமிப் படம் என்று யாரோ கிளப்பிவிட்டதால் லயத்துச் சனம் முழுக்கக் குளித்து, பூ வைத்து, பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டது. துரை இங்கிலீஷில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். வியாதி எப்படி வருகிறதென்று சொல்லச் சொன்னார். எதிரே கெர்ட்ரூட், அவள் பக்கத்தில் என் மாமியார், அதாவது தங்கள் தாயார். எப்படி வாய் வரும்? "கெட்ட உறவால் வருவது" என்று நாசூக்காகச் சொல்லி வைத்தேன். சனம் அதைச் சொந்தபந்தம் என்று எடுத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் பால்வெட்டு அப்பாவு தன் மாமியாரை மூட்டை முடிச்சோடு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கேட்டால், நான்தான் சொன்னேனாம். தங்கள் தாயாரும் தன்னைத்தான் குத்திக்காட்டினேன் என்று அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அதுவாவது சிரிப்போட போச்சு மச்சான். அடுத்து வந்த படங்கதான் ஆளைக் கொன்னுருச்சு. ஒரு ஆம்பளைக்குச் சொல்லக்கூடாத இடத்துல புண்ணு, சுவர் அகலத்துக்கு. பொம்பளைங்க முந்தானையால முகத்தை மூடிக்கிட்டாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டே மொழிபெயர்த்தேன். லயத்துச் சன்னாசி மட்டும் எழுந்து கித்தா மரங்களுக்குள்ள, அதான் ரப்பர் காட்டுக்குள்ள, ஓடிட்டான். ஏன் ஓடினான்னு எல்லாருக்கும் விளங்கிப் போச்சு. அப்புறம் உடம்பெல்லாம் கொப்புளம் வெடிச்ச ஒரு பச்சைப்பிள்ளை, முகம் பளிச்சுன்னு தெரியுது. பெத்தவங்க சீக்கு பிள்ளைக்கு வந்ததாம். சனத்தோட பார்வை மொத்தமும் சன்னாசி பெஞ்சாதி செல்லாயி மடிக்குப் போச்சு. அவ பிள்ளைக்கும் உடம்புல புண்ணு இருக்கு. மறுநாள் வேலைக்குப் போறவங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகையில அந்தப் பிள்ளையை வாங்க மாட்டேன்னுட்டாங்க. பால் வெட்டப் போக முடியாம, பிள்ளையோட ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா. அங்கே டாக்டர் ஊசி போட மேசை போட்டு உட்கார்ந்திருக்காரு, ஒரு ஆள் கிட்ட வரலை. வந்தா சீக்காளின்னு பேராயிடுமே. பயந்தாத்தான் வருவாங்கன்னு முதல் நாள் சொல்லியிருந்தாரு, நல்ல மனுசர்தான். பயந்தவன் காட்டுக்குள்ள போயிட்டான், என்ன செய்ய?

செல்லாயி அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்: "அந்தப் படத்துப் புள்ளைக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்ல அய்யா? காட்டலாமான்னு அவளக் கேட்டாங்களா?"

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். 

ஆகையால் வரும் சனிக்கிழமை அந்தப் பெட்டி பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாமல் தாங்கள்தான் பேசி நிறுத்த வேண்டும். பெட்டிச் சாவி தங்களிடம் இருப்பதாகக் கேள்வி. அது தொலைந்துபோனாலும் பெரிய பாவமில்லை.

தங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர். மாதா தங்கள் வீட்டு வாசலை விட்டு நகராமல் இருப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
பெரியநாயகம்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் செல்லாயி வந்தாள். பின்னால் தலையைக் குனிந்தபடி சன்னாசி. வெகு நாளாக உடம்புச் சூடு என்று மறைத்து வைத்திருந்ததை, படம் பார்த்த பயத்தில் அவளிடம் அவனே சொல்லிவிட்டானாம். மூன்று பேருக்கும் ஊசி வேண்டுமாம். படத்தை நிறுத்தக் கடிதம் எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"வேணாங்கய்யா. அதப் பாக்காட்டி இந்த மனுசன் வாயத் தொறந்திருக்க மாட்டாரு. புண்ணக் காட்டட்டும். அந்தப் புள்ள மொகத்த மட்டும் மறைச்சிரச் சொல்லுங்க" என்றாள்.

ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். பெட்டி போகட்டும். கண்ணாடித் தகட்டில் முகம் இருக்கிற இடத்தில் கறுப்புத் தாளை வெட்டித் தாங்களே ஒட்டிவிடுங்கள். டாக்டர் கேட்டால், பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி சொன்னாள் என்று சொல்லுங்கள்.