பின் ஸீட்டுப் பிரேக்

தியாகராயநகர்,
12-9-46

மைத்துனன் சிரஞ்சீவி பொன்ராஜுக்கு, உன் அத்தான் சுயம்புலிங்கம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதியது. இவ்விடம் நானும் சைக்கிளும் சௌக்கியம், என் இடது முழங்கால் நீங்கலாக. அவ்விடம் உன் மகனுக்குக் காது குத்திய புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். ஆறிவிட்டதென்றால், அந்தக் காதுகுத்துக்கென்று வந்த உன் அக்காள் சண்முகவடிவு மூன்று வாரமாக அங்கே என்ன செய்கிறாள் என்பதை மறுதபாலில் தெரிவிக்கவும்.

அவள் உன்னிடம் ஒரு கதை சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். அடையாற்றில் ஒரு துரை சீமைக்குத் திரும்புவதால் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நான் போனது என் ஜவுளிக்கடைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் எடுக்க. அதை ஒரு வக்கீல் தட்டிக்கொண்டு போனார். பிறகு கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிளை இழுத்து வந்தார்கள். இரண்டு ஸீட், இரண்டு ஹாண்டில்பார், நாலு பெடல், சக்கரம் மட்டும் வழக்கம்போல இரண்டு. வயது உன் வயதிருக்கும். அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. சிரித்ததால்தான் வாங்கினேன்.

கச்சேரி ரோடு சைக்கிள் கடை பீர் முஹம்மது, "இத்த எடைக்குப் போட்டுடு நைனா" என்றான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், மற்றதெல்லாம் நானே படித்தது என்பது உனக்குத் தெரியும். ஒரு பழைய கேட்லாக்கில் உள்ள படங்களைப் பார்த்தே இரண்டு மாதத்தில் வண்டியை நிமிர்த்தினேன். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் என்பதால் துருவைப் புளி போட்டுத் தேய்த்தேன். பதினைந்து நாள் வீட்டில் ரசம் இல்லை. இதையும் அவள் ஒரு குறையாகச் சொல்லியிருப்பாள்.

பிரேக்கில்தான் வினை வந்தது. முன் கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரை போகிற நீளக் கம்பி வண்டியில் இல்லை. யுத்தம் முடிந்தும் சாமான் வரவில்லை என்று கையை விரித்த பீர் முஹம்மது, தன்னிடம் இருந்த குட்டைக் கம்பியைப் பின் ஸீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டான். அதாவது, திருப்புவது நான், நிறுத்துவது பின்னால் உட்காருகிறவர். இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்றிருந்த உன் அக்காள், இதைக் கேட்டதும் உடனே ஏறினாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

தினமும் கபாலி கோயிலுக்குப் போய் வந்தோம். பூக்காரியைக் கண்டால் பிரேக், வளையல் கடையைக் கண்டால் பிரேக், தெரிந்த பெண்பிள்ளை யாராவது எதிரே வந்தால் பிரேக். லஸ் முனையில் ஒரு போலீஸ்காரன் கையைக் காட்டி, "இன்னா நைனா, டபுள்ஸ் போய்க்கினு கீறே?" என்றான். ஒற்றை ஸீட்டில் இரண்டு பேர் போனால்தான் டபுள்ஸ், இது பிறவியிலேயே இரட்டை என்று நான் கேட்லாக்கைப் பிரித்து அரைமணி நேரம் விளக்கினேன். அவன் பேர் எழுத நோட்டை எடுத்தான். உன் அக்காள் பின்னாலிருந்து, "நீங்க கையைக் காட்டுன உடனே வண்டி நின்னுச்சுல்லா? நிறுத்துனது நாந்தான்" என்றாள். அவன் சிரித்து, அவளுக்கு ஒரு சலாம் போட்டு அனுப்பினான். என் அரைமணி நேரப் பேச்சுக்கு மரியாதையே இல்லை.

அதையும் பொறுத்தேன். ஆனால் ஆவணி பிறந்த மூன்றாம் நாள், பாண்டி பஜாரில், எனக்கு எதிர்க்கடை போட்டிருக்கிற ரகுபதியின் ஜவுளிக்கடை வாசலில் பிரேக் பிடித்தாள். அங்கே சுங்குடி வந்திருக்கிறதாம். துணிக் கட்டுப்பாட்டில் என் கடை காலியாகக் கிடக்கும்போது அவனுக்கு மட்டும் சுங்குடி எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. அவள் உள்ளே போய்ப் புடவை பார்க்கிறாள், ஜவுளிக்கடை முதலாளி நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிரே என் கடைக் கணக்குப்பிள்ளை பார்க்கிறான். நீயே சொல்.

மறுநாளே என் கடையில் புடவை தொங்கவிடும் கம்பியைக் கழற்றினேன். தொங்கவிடப் புடவை இல்லாத கடைக்குக் கம்பி எதற்கு? அதை வளைத்துப் பிரேக்கை முன்னால் கொண்டுவந்தேன். உன் அக்காள் கத்தவில்லை. "முப்பது வருசமா பாக்கேன். நீங்க எதையாவது நிறுத்தி நான் பாத்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, காதுகுத்துக்குப் போவதாகப் பெட்டியை எடுத்தாள்.

இப்போது தனியாகத்தான் ஓட்டுகிறேன். பின் பெடல்கள் ஆளில்லாமலே சுற்றுகின்றன. தெருவில் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். அவள் பின்னால் மிதிப்பதே இல்லை என்று நான் சொல்லிவந்தேன். அவள் போனபின் வண்டி கனக்கிறது. எண்ணெய் வற்றியிருக்கும்.

ஆகவே, அவளை உடனே ரயிலேற்றி அனுப்பவும். பிரேக் முன்னால்தான் இருக்கும். அதில் ஓர் அங்குலமும் மாற்றமில்லை. செய்தது தப்பு என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். நான் எழும்பூர் ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். குழந்தைக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு ஆசி, உனக்கு நல்ல புத்தி.

இப்படிக்கு,
சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் போகும்போது வழியில், பின் ஸீட் ஏன் காலி என்று கேட்ட ஒரு ரிக்ஷாக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். பிரேக் என் கையில்தான் இருந்தது, பிடிக்க மறந்துவிட்டேன். வண்டி ரகுபதியின் கடைக்குள் போய்த்தான் நின்றது. அவர் சோடா கொடுத்தார். இதை அவர் பேனாவில்தான் எழுதுகிறேன். சுங்குடி உண்மையிலேயே நயம் சரக்கு, மாம்பழ நிறத்தில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வண்டியை அந்த ரிக்ஷாக்காரனே பீர் முஹம்மதுவிடம் இழுத்துப் போகிறான். பிரேக் பழைய இடத்துக்கே போகிறது. மேலே எழுதியதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டாதே. எந்த ரயில் என்று மட்டும் தந்தி அடி, நான் வண்டியோடு எழும்பூரில் நிற்பேன். மூட்டை அதிகம் வேண்டாம் என்று சொல். புளி மட்டும் கொண்டுவரட்டும்.