குளியலறைக்கு ஒரு டைம் டேபிள்

"அம்மா! மணி ஏழு பத்து! இன்னும் உள்ளே என்ன பண்றே?"

தோளில் துண்டும் வாயில் பற்பசை நுரையுமாக, டைம்கீப்பர் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"உன் மாமனாரைப் போய்க் கேளு! அவரு வெளியே வந்தே அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு!"

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "சம்பந்தியம்மா பக்கெட்டைத் தேய்க்கிற நேரத்துல நான் ரெண்டு தடவை குளிச்சுடுவேன், மாப்பிள்ளை!"

ஒரே வீடு. ஒரே குளியலறை. அவருடைய அம்மாவும் மனைவியின் அப்பாவும் இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. இருவரும் ஒத்துப்போன விஷயம் இதுவரை ஒன்றுகூடக் கிடையாது.

பஸ் நிலையத்தில் ஒரு நிமிஷம் பிந்திக் கிளம்பும் டிரைவரையும் சிவப்பு மையால் குறிப்பவர் டைம்கீப்பர். அவரே இந்த மாதம் இரண்டு முறை லேட். "மூணாவது தடவைன்னா மலை மேல இருக்கிற டிப்போவுக்கு மாத்தல்தான்" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துச் சொன்னால் நடந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டார். மாமனார், ஆறரை. அம்மா, ஆறு ஐம்பது. தான், ஏழு பத்து. கதவில் ஒட்டினார்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து படித்துப் பார்த்தாள். கையில் ஒரு கொலைக்கதைப் புத்தகம். ஆறு மாதமாகப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே நிற்கிறது.

"இதுல நான் எங்கேங்க?"

"நீ வீட்டிலதானே இருக்கே? எப்ப வேணாலும் போய்க்கோ. ஆமா, என் சாக்ஸ் எங்கே?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சாக்ஸ் தேடப் போனாள். அம்மா மாமனாரைப் பார்த்தார். மாமனார் அம்மாவைப் பார்த்தார். டைம்கீப்பர் அதைக் கவனிக்கவில்லை. அட்டவணையின் ஒரு மூலையில் பிரிந்திருந்த டேப்பை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, ஏழு பத்து. கதவு தாழிட்டிருந்தது.

"யாரு உள்ளே?"

"உன் மாமனார்தான்" என்றார் அம்மா. "அட்டவணை போட்டு அவமானப்படுத்திட்டியாம். வர மாட்டாராம்."

"என் சாக்ஸ்?"

"அவ மாடியில துணி காயப் போடுறா. நீயே தேடிக்கோ."

அவர் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடும்வரை கதவு திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உள்ளே அம்மா. மாமனார் வாசலில் காவல் நின்றார். "நேத்து நான் உட்கார்ந்துட்டேன்னு இன்னிக்கு அவங்க உட்கார்ந்துட்டாங்க, மாப்பிள்ளை. போட்டி!"

புதன்கிழமை டைம்கீப்பர் விசிலைக் கொண்டுவந்தார். மூன்று முறை நீளமாக ஊதினார்.

"பாவி! விசிலைக் கேட்டு உன் மாமனாருக்குப் படபடன்னு வந்துடுச்சாம்" என்றார் அம்மா. "இன்னும் கால் மணி நேரம் ஆகுமாம்!"

வியாழக்கிழமை முறையை மாற்றித் தானே முதல் ஆளாக ஆறரைக்குப் போனார். ஆறு இருபத்தைந்துக்கே கதவைத் தாழிட்டாகிவிட்டது. மறுபடியும் அம்மா என்றார் மாமனார்.

அன்று கண்டக்டர்கள் இரண்டடி தள்ளி நின்றே கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார்கள். மேலாளர் அருகே வந்தார். மோந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்தார்.

"நீங்க லேட்டாவே வந்திருக்கலாம்யா. நாளைக்கும் இப்படின்னா மலைக்குப் போங்க. அங்கே காத்து ஜாஸ்தி!"

அதற்கு மேல் பொறுக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே பிளம்பரை அழைத்து வந்துவிட்டார்.

"பின்பக்கம் இன்னொரு குளியலறை கட்டணும். குழாய் எங்கே போகுதுன்னு பாருப்பா."

பிளம்பர் சுத்தியலோடு பின்பக்கம் போனார். டைம்கீப்பர் தாழிட்ட கதவைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு?"

"வேற யாரு, உன் மாமனார்தான். அசையவே மாட்டேங்கிறாரு மனுஷன்!"

அப்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு, கையில் பேப்பரோடு மாமனார் வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, சம்பந்தியம்மா இன்னும் வெளியே வரலையா?"

சம்பந்தியம்மா அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"சம்பந்தி" என்று பல்லைக் கடித்தார் அம்மா. "இன்னிக்கு உள்ளே நீங்க!"

"ஐயையோ! நான் வியாழக்கிழமைன்னு நினைச்சுட்டேனே!"

டைம்கீப்பர் கதவைப் பார்த்தார். இரண்டு பெரியவர்களையும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"அப்போ... உள்ளே யாரு?"

பின்பக்கத்திலிருந்து பிளம்பர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சார், குழாய் பார்க்கச் சுவரைத் தட்டினேன். 'தட்டாதீங்க, கொலைகாரன் யாருன்னு தெரிய இன்னும் நாலு பக்கம்தான் இருக்கு. அந்த டைம் டேபிள்ல என் பேரையும் எழுதச் சொல்லுங்க, நாளையிலேர்ந்து ஏழு பத்துக்கு இடம் காலி'ன்னு உள்ளேயிருந்து அக்கா சொல்றாங்க, சார்!"