குடமுருட்டியில் கிடைத்த 916

காவிரித் தாயின் மடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுந்திருக்க இரண்டாயிரம் ரூபாய். மதியச் சாப்பாடு உட்பட. பாயசம் இரண்டாம் தடவை கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

விலை மதிப்பில்லாத ஒன்றுக்கு இத்தனை தெளிவாக விலை போட்ட முதல் மனிதர் பாபநாசம் கோவிந்தராசு. கல்லணை கட்டிய கரிகாலன் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குப் பின் வந்த ஒருவருக்கும் ஆற்றங்கரையில் நின்று சீட்டுக் கிழிக்கத் தோன்றவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன் கோவிந்தராசு பிறந்தார் என்று கொள்ள வேண்டும்.

அவர் நிறுவியது "பொன்னி பொன்தேடல் பாசறை (தொடக்கநிலை)". ஓடும் தண்ணீரில் மணலைத் தட்டில் அள்ளிச் சுழற்றி அலசினால் லேசான மணல் வெளியேறும். கனமான தங்கத் துகள் அடியில் தங்கும். வெளிநாடுகளில் இது ஓய்வுநாள் பொழுதுபோக்கு. மனப்பாரம் குறையும், முதுகு வளையும், தங்கமும் கிடைக்கும். இவ்வளவையும் கோவிந்தராசு கைப்பேசியில் பதினொரு வீடியோ பார்த்துக் கற்றுத் தேர்ந்தார். பன்னிரண்டாவதைப் பார்க்கவில்லை. எந்த ஆற்றில் தங்கம் இருக்கும், எந்த ஆற்றில் இருக்காது என்று அதில்தான் சொல்லியிருந்தார்களாம்.

"நம்ம ஆத்துல தங்கம் இருக்கா?" என்று கேட்டாள் அவர் மனைவி அமிர்தம்.

"பொன்னின்னு பேரு வச்சவன் முட்டாளா?"

"எம் பேரு அமிர்தம். என்னைக் கட்டிக்கிட்டதால நீங்க சாகாமலேவா இருக்கப் போறீங்க?"

கோவிந்தராசு பார்சலில் வந்திருந்த பச்சைத் தட்டைப் பெருமையோடு நீட்டினார். உட்புறம் வரி வரியாகக் கோடு போட்டிருந்தது. அமிர்தம் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அரிக்கஞ்சட்டிங்க இது. அரிசியில கல்லு அரிப்போமே, அதேதான். மண்ணுக்குப் பதிலா பிளாஸ்டிக்கு. எவ்வளவு கொடுத்தீங்க?"

"இது உபகரணம்" என்றார் அவர். விலையைச் சொல்லவில்லை.

பெண்களின் கேள்வியால் தளர்கிற மனிதராக இருந்தால் அவர் ஈமு கோழி வளர்த்திருக்க மாட்டார். அமிர்தத்தின் வளையல் நான்கையும் ஈமு கோழி தின்றது. தோட்டைக் கற்றாழைச் சாகுபடி குடித்தது. தொட்டி மீன் நெக்லஸை விழுங்கியது. விழுங்கிய மீன் கரண்ட் போன அன்று செத்தும் போனது. எதிலும் அவர் நஷ்டப்படவில்லை, "அனுபவம்" பெற்றார். அனுபவம் அவரிடமும் அடகுச் சீட்டுகள் அமிர்தத்திடமும் பத்திரமாக இருந்தன.

மிச்சமிருந்த நகை ஒன்றுதான். அமிர்தத்தின் அம்மா போட்ட இரண்டு பவுன் செயின். வைகாசியில் கீழ்வேளூரில் அவள் அண்ணன் மகள் ஜீவிதாவுக்குக் கல்யாணம். அத்தைக்காரி வெறும் மஞ்சள் கயிற்றோடு மேடையேறினால் கீழ்வேளூர் அதைப் பத்து வருஷம் பேசும்.

"அதுல மட்டும் கை வச்சீங்க, கல்யாணத்துக்குப் போன நான் அங்கேயே இருந்துடுவேன்" என்று அமிர்தம் சொல்லியிருந்தாள். ஒரே தடவைதான் சொன்னாள். பல தடவை சொல்லியிருந்தால் கோவிந்தராசு இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

சட்டத்தை மதிப்பவர் என்பதால் முதலில் அனுமதிக்காக ஓர் அலுவலகம் போனார். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"மணல் எடுக்கப் போறீங்களா?"

"இல்லீங்க. தங்கம்."

"மணல் எடுத்தா கேஸு. தங்கத்துக்கு எங்ககிட்ட விண்ணப்ப ஃபாரமே இல்ல. எடுத்த மணலை என்ன பண்ணுவீங்க?"

"அலசிட்டு அங்கேயே போட்டுடுவோம்."

"தங்கம் கிடைக்குமா?"

"உங்ககிட்ட பொய் சொல்ல முடியுங்களா? கிடைக்காது."

"அப்ப ஒண்ணும் எடுக்கல. ஒண்ணும் எடுக்காததுக்கு அனுமதி வேணாம், போங்க."

இந்தியாவில் இத்தனை விரைவாக முடிந்த கோப்பு வேறு இல்லை.

ஆனால் ஒத்திகை பார்த்தபோது ஆற்றின் பொறுப்பின்மை அவரை வருத்தியது. மூன்று நாள் அலசியதில் ஒரு பாட்டில் மூடி, இரண்டு ஐந்து ரூபாய்க் காசு, அறுந்த செருப்பு வார். தாய்க்குக் கொடுக்க மனமிருக்கிறது, கையில்தான் இல்லை. பெற்ற பிள்ளை கொஞ்சம் கொடுத்து வைத்தால் தப்பா?

அமிர்தம் ரேஷன் கடைக்குப் போன மதியம், செயின் வயலுக்குப் போனது. மோட்டார் கொட்டகையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து செயினை அரத்தால் ராவினார். வாரம் ஒரு கிராம். கிராம் பன்னிரண்டாயிரம் விற்ற நேரம் அது. ஆறு பேர் கட்டணம் தங்கத்துக்குச் சரியாகிவிடும், ஏழாவது ஆளிலிருந்து லாபம், வைகாசிக்குள் புதுச் செயின். அதுவரை நகைப்பெட்டியில் ஒரு கவரிங் செயின் "பொறுப்பு" வகிக்கும்.

தை மாசக் கடைசியில் மேட்டூர் அணையை மூடியதும், காவிரியின் கிளையான குடமுருட்டி இளைத்து ஓரமாக ஓடியது. முதல் ஞாயிறு விடியும்போதே கோவிந்தராசு விபூதி தெளிப்பதுபோல ஒரு கிராமையும் மணலில் தெளித்துவிட்டுக் கும்பிட்டார். எட்டுப் பேர் வந்தார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளஞ்செழியன்தான் முதலில் பேரத்தைத் தொடங்கினான்.

"தங்கம் கிடைக்கலேன்னா பணத்தைத் திருப்பித் தருவீங்களா சார்?"

"கிடைச்சா எனக்குப் பாதி தருவீங்களா தம்பி?"

இளஞ்செழியன் யோசித்துவிட்டு முழுப் பணத்தையும் கட்டினான்.

"தண்ணியோட சண்டை போடாதீங்க" என்று வகுப்பு நடந்தது. "தட்டை மட்டும் சுத்துங்க. போறது போகட்டும். தங்குறதுதான் தங்கம்."

பத்தே முக்காலுக்கு இளஞ்செழியனின் தட்டில் கடுகில் கால்வாசி மின்னியது. அதைப் பதினேழு கோணத்தில் படம் எடுத்தான். பதினெட்டாவது கோணத்தில் அது வழுக்கி ஆற்றுக்கே போய்விட்டது.

"பரவாயில்ல சார். படம் இருக்கு, அது போதும்."

கோவிந்தராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி மாணவர்கள் அமைந்தால் ஒரே கிராமை வைத்து வைகாசி வரை ஓட்டலாம்.

மதியச் சாப்பாடு அமிர்தத்தின் பொறுப்பு. வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், பருப்புப் பாயசம். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு. இரண்டாயிரம் கட்டியவருக்கு இல்லாமல் போகுமா? புளியமரத்து நிழலில் அவளே பாய் விரித்துப் போடுவாள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கால அட்டவணையில் "உள்நோக்கும் பயிற்சி" என்று பெயர். பயிற்றுநர் கோவிந்தராசுவே முன்னின்று குறட்டை விட்டு வழிகாட்டுவார். அமிர்தம் பாத்திரங்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கழுவுவதற்குத் துறையில் இறங்குவாள்.

பயிற்சி கலைந்து எழுந்து மறுபடி அலசினால் ஒரு பொட்டுக்கூடக் கிடைக்கவில்லை.

"தங்கம் குளிர்ச்சியை விரும்பும்" என்று கோவிந்தராசு விளக்கினார். "வெயில் ஏறினா பூமிக்குள்ள இறங்கிடும்." இளஞ்செழியன் அதைக் குறித்துக்கொண்டான்.

சாயங்காலம் எல்லாருக்கும் சான்றிதழ். பெயர் எழுத ஒரு கோடு, "தங்கம் கிடைத்த இடம்" என்று ஒரு கோடு. எல்லாரும் போனபின் மிச்சத் தங்கத்தைத் திரும்ப எடுக்கக் கோவிந்தராசு தானே இறங்கி அலசினார். கிடைத்தது இடுப்புவலி. காலையில் போட்டது ஆயிரம் மில்லிகிராம். எட்டுப் பேருமாகப் பொறுக்கியது எண்பதுகூடத் தேறாது. மீதியை ஆறு குடித்துவிட்டதா?

ஆறு வாராவாரம் குடித்தது. பங்குனியில் தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கிய பிறகும் அதன் தாகம் அடங்கவில்லை.

நான்காவது வாரம் செல்லதுரை வந்தார். மயிலாடுதுறையில் முப்பது வருஷம் வங்கிக்கு நகை மதிப்பிட்டு ஓய்வுபெற்றவர். கிடைத்த நாலு துகளைச் சட்டைப்பையிலிருந்த உரைகல்லில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது இருபத்திரண்டு கேரட்டா இருக்கேப்பா."

"ஆத்தோட சக்திண்ணே."

"ஆத்துக்குச் செம்பு கலக்கத் தெரியுமா?"

"சோழ நாட்டு ஆறுண்ணே. மத்த ஆறு மாதிரி பச்சையாவா தரும்? நகை பண்ணத் தோதா 916-ஆவே தருது."

உலகத்திலேயே முத்திரை குத்துவது ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் தங்கம் தரும் ஒரே நதியைச் செல்லதுரை கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பந்திக்குப் போய், அமிர்தத்திடம் இன்னொரு கரண்டி வத்தக்குழம்பு கேட்டு, அதற்குச் சாதம் கேட்டு, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. கட்டணமும் கட்டவில்லை.

ஆற்றின் வாய் எது என்பது கோவிந்தராசுவுக்கு அப்போது விளங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் செல்லதுரையை வழிமறித்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மடியைக் கொஞ்சம் உதறிட்டுப் போங்க."

"என் மடியில கனம் இல்லப்பா. நீ உன் வழியைப் பாத்துக்க" என்று செல்லதுரை வேட்டி மடியை உதறினார். வெற்றிலைப் பெட்டி, உரைகல், கையகலத் தராசு ஒன்று விழுந்தன.

"தராசு எதுக்கு?"

"பழக்கம்."

பதினான்காவது ஞாயிறு முடிந்தபோது செயினில் மிஞ்சியது கொக்கியும் வளையமும், இரண்டு கிராம். அதை ஒரு விபூதி டப்பாவில் போட்டு மோட்டார் கொட்டகையில் ஒளித்திருந்தார். பக்கத்திலேயே உரச்சாக்குக்குள் லாபம். பந்தல், பாய், மளிகை, விளம்பரம், வேன் எல்லாம் தின்றது போக நாற்பத்தோராயிரத்து முந்நூறு. புதுச் செயினுக்கு வேண்டியது இரண்டு லட்சத்துக்குப் பக்கம். கல்யாணத்துக்கு நான்கு நாள். கோவிந்தராசு இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஈமு கோழிகள் செத்தபோதுகூட அவர் ஒருவேளைதான் விட்டிருந்தார்.

கீழ்வேளூருக்குக் கிளம்பும் காலையில் அமிர்தம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நகைப்பெட்டியைத் திறந்தாள். செயினை எடுத்துக் கழுத்தில் போட்டாள்.

"எப்படிங்க இருக்கு?"

"தங்கமாட்டம் இருக்கு" என்றார் கோவிந்தராசு.

"சும்மா சொல்லாதீங்க. கையில தூக்கிப் பாத்துச் சொல்லுங்க."

தூக்கினார். கனத்தது. கவரிங்குக்கு இந்தக் கனம் கிடையாது. கொக்கியைத் திருப்பிப் பார்த்தார். பழைய கொக்கி அல்ல. முத்திரை இருந்தது.

"அந்த... பெட்டியில இருந்த..."

"கவரிங்கா? அதைப் பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டேன். ஒரு கரண்டி கொடுத்தான்."

கோவிந்தராசு கட்டிலில் உட்கார்ந்தார்.

"எப்பத் தெரியும்?"

"மொத வாரமே. உளுந்து விதைச்சிருக்கற வயல்ல மோட்டார் ஓடுச்சு. பனியில வெளையுற பயிருக்கு எவனாவது தண்ணி எறைப்பானா? எவன்டா அந்தப் புது விவசாயின்னு கொட்டகைக்கு வந்தேன். அரம் கிடந்துச்சு. அரத்துல மினுமினுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே, அமிர்தம்."

"கேட்டா நிறுத்துவீங்களா? மிச்சத்தைக் கொண்டு போய் வேற எதுலயாவது போடுவீங்க. ஆத்துல போட்டா அரிச்சு எடுத்துடலாம். ஈமுல போட்டதை எங்க போய் அரிக்கறது?"

ஏழு வயதிலிருந்து அரிசியில் கல் அரித்த கை. பாயசத்தில் எட்டுப் பேரைத் தூங்கவைத்துவிட்டு, அரிக்கஞ்சட்டியோடு அவள் துறையில் இறங்கிய பதினான்கு மதியங்களும் கோவிந்தராசுவின் குறட்டைக்குள் நடந்து முடிந்திருந்தன. நான்காவது வாரத்திலிருந்து எடை போட்டுக் கொடுத்தவர் செல்லதுரை. கூலி, வத்தக்குழம்பு.

"உங்களுக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்" என்று அமிர்தம் பாசறையின் சான்றிதழ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். முகப்பில் அழகான கையெழுத்து.

பெயர்: கோவிந்தராசு.
தங்கம் கிடைத்த இடம்: பெண்டாட்டி கழுத்து.

பின்பக்கம் திருப்பினார்.

ஆற்றில் போட்டது: 14 கிராம்.
வந்தவர்கள் பொறுக்கியது: 1 கிராம் 100 மில்லி.
நான் அரித்தது: 12 கிராம் 650 மில்லி.
ஆறு வைத்துக்கொண்டது: 250 மில்லி. போகட்டும்.
விபூதி டப்பாவில் எடுத்தது: 2 கிராம்.
இரண்டு பவுனுக்குக் குறைவது: 1 கிராம் 350 மில்லி. ரூ. 16,200.
செய்கூலி: ரூ. 8,000.
சேதாரம்: ரூ. 9,600.
சமையல் கூலி, 14 ஞாயிறு: ரூ. 7,000.
அரிப்புக் கூலி, 14 ஞாயிறு: ரூ. 7,000.
தொடக்கநிலைப் பயிற்சிக் கட்டணம், ஒரு ஆள் (தேறவில்லை): ரூ. 2,000.
ஆக மொத்தம்: ரூ. 49,800.
உரச்சாக்கில் எடுத்தது: ரூ. 41,300.
பாக்கி: ரூ. 8,500.
முன்பாக்கி: வளையல் நான்கு, தோடு ஒரு ஜோடி, நெக்லஸ் ஒன்று.